பால் சைக்கிள் போகிற இடைவெளி

சித்தேரிக் கரையின் வடக்கு முனையில் நட்டிருந்த இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவில் எத்திராஜின் சைக்கிள் மாட்டிக்கொண்டது. முன்சக்கரம் உள்ளே போய்விட்டது, கைப்பிடியும் போய்விட்டது. பின்னால் காரியரின் இருபுறமும் தொங்கிய பால் கேன்கள் ஆளுக்கொரு கம்பில் முட்டிக்கொண்டு நின்றன.

"இன்னாம்மா இது?" என்றார் எத்திராஜ். "என் கேனு ரெண்டும் உன் கம்பைக் கட்டிப் புடிச்சிக்கினு கீது. கறந்த பாலை ஏரியில ஊத்திட்டு ஊட்டுக்குப் போவட்டா?"

"கொஞ்சம் இருங்கண்ணே." தாட்சாயிணி ஒரு கம்பைப் பிடுங்கி, ஒரு சாண் தள்ளி நட்டாள். கேன்கள் தாராளமாகப் போயின. எத்திராஜ் மணியடித்துக்கொண்டு கடந்தார்.

"இப்ப நீங்க வாங்க சார்."

பக்கத்து குவார்ட்டர்ஸ் நாகேந்திரன் தன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்தார். அதே இடைவெளியில், எங்கும் உரசாமல், ஏறிப் போய்விட்டார்.

கரைச் சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தாள். "பாரு, மாப்பிள்ளை ஊர்வலம் போறா மாதிரி போறாரு. ரெண்டு வாழை மரத்தையும் கட்டி வுட்டுடு பொண்ணு, அது ஒண்ணுதான் கொறச்சல்."

தாட்சாயிணி மறுபடி கம்பை நெருக்கி நட்டாள். ஸ்கூட்டர் நின்றது. பால் சைக்கிளும் நின்றது. தள்ளி நட்டாள், இரண்டும் போயின. பால் சைக்கிளை விட்டு ஸ்கூட்டரைத் தடுக்கிற இடைவெளி என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. இருட்டும் வரை நட்டுப் பிடுங்கியதில் கரையில் எலி வளை போல ஏழெட்டுக் குழிகள்தான் மிச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

தாட்சாயிணி ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருப்பவள். கணவன் லட்சுமணனுக்கு அங்கே வேலை. அவளுக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், வால்வு செய்கிற ஒரு சின்னப் பட்டறையில். காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு ரயிலில் போய் இறங்கினால் எஸ்டேட்டின் கடைசி முனை வரை நடக்க வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது. அதனால் சைக்கிள். அவள் மட்டுமில்லை, குவார்ட்டர்ஸிலிருந்தும் பக்கத்துச் சேக்காட்டிலிருந்தும் அந்த நேரத்தில் சைக்கிள்கள் சாரை சாரையாக சி.டி.எச். ரோட்டில், அதாவது திருவள்ளூர் நெடுஞ்சாலையில், ஏறும். லாரிகளும் அதே நேரத்தில்தான் வரும்.

பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் ஒரு லாரி அவளைத் தொடவில்லை, பக்கத்தில் கடந்தது, அவ்வளவுதான். பெரிய வண்டி வேகமாகக் கடக்கும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், வண்டி தாண்டியதும் உள்ளே இழுக்கும். தள்ளும்போது எல்லோரும் எதிர்ப்பக்கம் சாய்ந்து சமாளிப்பார்கள். சாய்ந்த அதே நொடியில் இழுப்பு வரும். அப்படித்தான் அவள் விழுந்தாள். மணிக்கட்டு பிசகியது. பின்னால் வந்த டெம்போ பிரேக் பிடித்ததை லட்சுமணன் டீக்கடையிலிருந்து பார்த்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "வேற வழி கிடைச்சா போ. இல்லைன்னா இந்த மாசத்தோட நின்னுடு, தாட்சா. தினமும் காலையில நீ போய்ச் சேர்ந்திருப்பியான்னு மிஷின் முன்னாடி நின்னுகிட்டு நினைக்க என்னால முடியலை."

"நிக்க மாட்டேன்," என்றாள் அவள். "வழி கண்டுபிடிக்கிறேன்."

வழி இருக்கத்தான் செய்தது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருக்கும் புதர்க்காட்டில் ஒரு ஒற்றையடிப்பாதை. அது சித்தேரிக் கரையில் போய் ஏறும். கரை முடிந்ததும் கால்வாய் ஓரம். கால்வாயோடு போனால் எஸ்டேட்டின் பின்பக்கம். மூன்று மண்பாதைகளையும் சேர்த்து, மேடு பள்ளம் நிரவி, சைக்கிளுக்கென்றே விடும்படி நூறு பேர் கையெழுத்தோடு நகராட்சியில் மனு கொடுத்தார்கள். நாகேந்திரன்தான் மனுவைத் தட்டச்சு செய்தார். பொறியாளர் வரைபடம் போட்டார். ஆனால் ஏரி பழைய ஊர்க்காரர்கள் பயிர் வைக்கிற ஏரி. "ஊர் என்ன சொல்லுதுன்னு கேக்காம நான் கை வைக்க மாட்டேன்," என்று பொறியாளர் ரேஷன் கடை வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஊர் நிறையவே சொன்னது.

முதலில் பஞ்சவர்ணம். "கரையில சைக்கிள் போனா படித்துறையாண்ட பொம்பளைங்க எப்படிக் குளிக்கிறது? வரிசையா மணியடிச்சிக்கினு போவீங்களா?" பொறியாளர் பென்சிலை எடுத்து, அந்த இடத்தில் மட்டும் பாதையைக் கரையின் வெளியடிவாரத்துக்கு இறக்கி வரைந்தார். அது அத்தோடு முடிந்தது.

பிறகு நாகேந்திரன் எழுந்து பாதையின் நன்மைகளைச் சொல்லத் தொடங்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அண்ணாத்தே, சைக்கிள் பாதை கேக்க வந்தவரு இன்னாத்துல வந்தீங்கோ?" அவருடைய ஸ்கூட்டர் ரேஷன் கடைப் படியோரம் பளபளவென்று நின்றது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

கடைசியில் பேசியவர் கன்னியப்பன். ஏரிப் பாசன நிலக்காரர்களில் பெரியவர், ஊர் அவர் பேச்சைக் கேட்கும்.

"சைக்கிளு போவட்டும்மா, நமக்கு இன்னா? ஆனா சைக்கிளுக்குன்னு வழி வுட்டா அதுல மொபெட் வரும், அப்பால ஸ்கூட்டர் வரும். கால்வா ஓரம் அப்படித்தானே ஆச்சு? பஞ்சவர்ணத்து ஆட்டுக்குட்டி கால் ஒடைஞ்சிதே, எவன் கேட்டான்? ஆட்டை வுடு, கரை இன்னா ஆவும்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. மண்கரையில் சைக்கிளும் தடம் போடும், ஸ்கூட்டரும் தடம் போடும். வித்தியாசம் எதில் என்றால், சைக்கிளின் பாரம் ஒரு ஆளின் பாரம். அதன் சக்கரம் மண்ணை அழுத்திவிட்டுப் போகும். இன்ஜின் வண்டியின் பின்சக்கரம் மண்ணைப் பின்னால் வாரித் தள்ளித்தான் முன்னால் போகிறது. சரிவில் ஏறும்போது இன்னும் அதிகமாக வாரும். அந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் தாழ்வான பக்கத்தைத் தேடி வழியும். வழிந்த இடத்தில் கீறல், கீறல் அடுத்த மழைக்கு வாய்க்கால், அதற்கடுத்த மழைக்குக் கரை உடைப்பு. ஏரி உடைந்தால் கீழே இருப்பது அவர்கள் வயல்.

"முனையில கம்பு நட்டுடலாம்," என்றாள் தாட்சாயிணி. "சைக்கிள் மட்டும் போற மாதிரி."

"அப்ப எத்திராஜ்?" என்றார் கன்னியப்பன். "அவன் பொழைப்பே இந்தக் கரை மேலதான். விடியக்காலத்துல ரெண்டு கேனைக் கட்டிக்கினு இந்த வழியாத்தான் உங்க குவார்ட்டர்ஸுக்குப் பால் எடுத்துனு வர்றான். கம்பு நட்டு அவனை சி.டி.எச். ரோட்டுக்குத் தள்ளிட்டு நீ கரை மேல போவியா? அது நியாயமில்லம்மா. எத்திராஜ் போவணும், ஸ்கூட்டரு போவக்கூடாது. அதுக்கு ஒரு வழி காட்டு. வர்ற ஞாயித்துக்கெழம பாக்கறோம். வழி இருந்தா ஊரு சரின்னும். இல்லன்னா சாரு அந்தப் படத்தை மடிச்சு எடுத்துக்கினு போவட்டும்."

பொறியாளர் தலையசைத்தார். படம் மடிக்கப்பட்டால் மறுபடி விரியாது என்பது அந்தத் தலையசைப்பிலேயே தெரிந்தது.

அந்த வாரம் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை எத்திராஜிடம் கொடுக்கலாம் என்றார் நாகேந்திரன். "ஒவ்வொரு சைக்கிளுக்கும் நான் எய்ந்து வந்து தொறக்கணுமா?" என்று கேட்டார் எத்திராஜ். "மாட்டைக் கறக்கச் சொல்றியா, ரயில்வே கேட்டைப் பாத்துக்கச் சொல்றியா நைனா?"

குறுக்கே ஒரு மேடு கட்டலாம், ஸ்கூட்டரின் அடிவயிறு தட்டி நிற்கும் என்றான் லட்சுமணன். அது நல்ல யோசனைதான். ஸ்கூட்டருக்குச் சக்கரம் சின்னது, வயிறு தாழ்வு. சைக்கிளுக்குச் சக்கரம் பெரிது, மேட்டில் ஏறி இறங்கிவிடும். ஆனால் கேனோடு ஏறி இறங்கினால் பால் தளும்பும். அதோடு மொபெட்டின் சக்கரமும் கிட்டத்தட்ட சைக்கிள் சக்கரம் போலத்தான், அது ஏறிவிடும்.

"இன்ஜின் வண்டிகள் வரக்கூடாது என்று ஒரு போர்டு?" என்றார் நாகேந்திரன். எத்திராஜ் மணியடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தாட்சாயிணி தன் வழியில் போனாள். பட்டறையில் அவளுக்கு வேலை, செய்து முடித்த உருப்படிகளை கேஜ் வைத்துச் சோதிப்பது. கேஜ் என்பது ரொம்ப எளிமையான, ரொம்ப அழகான ஒரு சாமான். ஒரு இரும்புத் துண்டில் இரண்டு வாய் இருக்கும். ஒன்று 'கோ', இன்னொன்று 'நோ-கோ'. உருப்படி முதல் வாயில் நுழைய வேண்டும், இரண்டாவதில் நுழையக்கூடாது. அவ்வளவுதான். அளவு என்ன என்று படிக்கவே வேண்டாம். நுழைகிறதா இல்லையா, அது ஒன்றே தீர்ப்பு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான உருப்படிகள் அவள் கைவழியே போகும்.

கரையின் முனையில் வேண்டியதும் ஒரு கேஜ்தான் என்று அவளுக்கு முதல் நாளே தோன்றியிருந்தது. சைக்கிள் 'கோ', ஸ்கூட்டர் 'நோ-கோ'. அதனால் ஒவ்வொரு வண்டியையும் அதன் மிக அகலமான இடத்தில் அளந்தாள். பால் சைக்கிள், கேனுக்குக் கேன், நாலு சாண். நாகேந்திரனின் ஸ்கூட்டர், கைப்பிடிக்குக் கைப்பிடி, மூணேகால் சாண். தெருமுனைக் கடைக்காரரின் மொபெட், மூணு சாண். எப்படித் திருப்பிப் போட்டாலும் பெரியது போக வேண்டும், சின்னது நிற்க வேண்டும் என்றுதான் கணக்கு வந்தது. எந்த கேஜும் அந்த வேலையைச் செய்யாது.

வியாழக்கிழமை லட்சுமணன் கேட்டான், "என்ன ஆச்சு?"

"ஆகலை."

"நான் சொன்னதை நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காத. வேலை போனாப் போகுது."

"ஞாயித்துக்கிழமை இன்னும் வரலை," என்றாள்.

வெள்ளிக்கிழமை பட்டறையில் ஒரு வால்வு ஒழுகுகிறது என்று திரும்பி வந்தது. மூடியும் அது உட்காரும் இடமும் அளவில் சரியாக இருந்தன. கேஜில் போகிறது. ஆனாலும் ஒழுகுகிறது. இப்படி வந்தால் என்ன செய்வதென்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீலச் சாயப் பசையை மூடியில் மெலிதாகத் தடவுவார்கள். உட்கார வைத்து, ஒரு சுற்றுத் திருப்பி, எடுத்துப் பார்ப்பார்கள். எங்கே தொட்டதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும், தொடாத இடம் வெறுமையாக இருக்கும். தாட்சாயிணி தடவிப் பார்த்தாள். வளையம் முழுதாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓரம் விட்டுப்போயிருந்தது. அந்த ஓரத்தை ஃபிட்டர் தேய்த்துச் சரிசெய்தார்.

அவள் நீலம் படிந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். உருண்டையான உருப்படியை எந்த உயரத்தில் அளந்தாலும் ஒரே அகலம். வருஷக்கணக்காக அப்படி அளந்து பழகிய கை, வண்டிகளையும் அப்படியே அளந்துவிட்டது. எவ்வளவு அகலம் என்று பார்த்தாளே தவிர, அந்த அகலம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒரு வாளிச் சுண்ணாம்புக் கரைசலோடு கரைக்கு வந்தாள். கூட லட்சுமணன் கடப்பாரையோடு வந்தான். பஞ்சவர்ணம் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாடி, கம்புக்கு வெள்ளையடிக்க வந்துட்ட? பொங்கல் போயி எவ்ளோ நாள் ஆச்சு!"

"ஈரம் காயறதுக்குள்ள எத்திராஜண்ணனைக் கூப்பிடுக்கா."

இரண்டு கம்புகளுக்கும் தலையிலிருந்து அடி வரை ஈரச் சுண்ணாம்பு பூசினாள். எத்திராஜ் கேன்களோடு வந்து, சொன்னபடி கம்புகளில் முட்டும்வரை தள்ளினார். அவர் பின்வாங்கியதும் தாட்சாயிணி குனிந்து பார்த்தாள். கம்புகளில் முழங்கால் உயரத்திலிருந்து தொடை வரை சுண்ணாம்பு அழிந்திருந்தது. அதற்கு மேலே ஒரு கீறல்கூட இல்லை.

மறுபடி பூசினாள். கம்புகளை நெருக்கி நட்டு, நாகேந்திரனின் ஸ்கூட்டரை முட்டவிட்டாள். "என் பெயிண்ட்..." என்றார் நாகேந்திரன். "தேய்ச்சுக் கழுவிடலாம் சார்." இந்தத் தடவை இடுப்புக்கு மேலே, கைப்பிடி உயரத்தில், இரண்டு கம்புகளிலும் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சுண்ணாம்பு போயிருந்தது. கீழே எல்லாம் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. மொபெட்டை வைத்துப் பார்த்தார்கள். அதுவும் மேலேதான்.

"பாத்தீங்களா?" என்றாள் தாட்சாயிணி. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "பால் சைக்கிளுக்கு அகலம் கீழே. ஸ்கூட்டருக்கு அகலம் மேலே. சைக்கிள் கைப்பிடி ரெண்டரைச் சாண்தான். நம்ம கம்புதான் நெட்டுக்குத்தா நின்னுகிட்டு ரெண்டையும் ஒரே மாதிரி பாக்குது."

லட்சுமணன் ஒரு கம்பைப் பிடுங்கி, அதன் அடியை வெளிப்பக்கம் தள்ளிக் குழியில் வைத்து, தலையை உள்பக்கம் சாய்த்துப் பிடித்தான். "இப்படியா?"

"இன்னும் சாய். போதும்."

எதிர்க்கம்பையும் அதே போலச் சாய்த்து நட்டதும் எத்திராஜ் கேன்களோடு உள்ளே வந்தார். கைப்பிடி மேலே, குறுகலான இடத்தில், இருபுறமும் ஒரு விரல் இடம் விட்டுப் போனது. கேன்கள் கீழே, அகலமான இடத்தில், எங்கும் தொடாமல் போயின. அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். "அட!" என்றார். மறுபடி இந்தப் பக்கம் வந்தார். "போவுதும்மா."

நாகேந்திரனின் ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டி நின்றது. கைப்பிடியைத் திருப்பி ஒரு முனையை முதலில் நுழைக்கப் பார்த்தார். கைப்பிடியோடு முன்சக்கரமும் திரும்பிப் போய்க் கம்பில் இடித்தது. வண்டியைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கைப்பிடி கீழிறங்கி அகலத்துக்கு வந்தது, மறு கைப்பிடி மேலேறி எதிர்க்கம்பில் முட்டியது. வியர்த்துப்போய் நின்றார்.

"வுடு மாமே," என்றார் எத்திராஜ். "நீ நல்லா கஷ்டப்பட்டாத்தான் ஊரு நம்பும். நாளைக்கும் இதே மாதிரி செய்யி."

பஞ்சவர்ணம் புல்லுக்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். கம்புகள் அவள் மார்பு உயரம்தான். கட்டு அவற்றுக்கு மேலே போய்விட்டது. ஆடுகள் கீழே நுழைந்து போயின.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கரைமேல் நின்று பார்த்தது. நாகேந்திரன் முந்தின நாளைவிட நன்றாகவே கஷ்டப்பட்டார். கடைக்காரர் மொபெட்டோடு முயன்றார், ஒரு பையன் அண்ணனின் புல்லட்டைக் கொண்டுவந்து முயன்றான். கன்னியப்பன் யாரையும் நம்பாமல் தானே கேன்களுள்ள சைக்கிளை வாங்கித் தள்ளிப் பார்த்தார். பிறகு கம்பை அசைத்தார். அது ஆடியது.

"சவுக்குக் கம்பை எவனும் ஒரு ஆட்டு ஆட்டிப் புடுங்கிடுவான்."

"வேலிக்கல் நடலாம்," என்றாள் தாட்சாயிணி. "கருங்கல். அடியில கான்கிரீட். ஒரு மரச் சட்டம் இதே சாய்வுக்கு அடிச்சுத் தர்றேன். அதை வெச்சு, கரைக்கு ரெண்டு, கால்வாய்க்கு ரெண்டுன்னு நாலு முனையிலயும் கல்லை நட்டா எல்லா வாயும் ஒரே அளவா இருக்கும்."

"நடும்போது நான் கூட இருப்பேன்," என்றார் கன்னியப்பன்.

"இருங்க."

அவர் பொறியாளரைப் பார்த்தார். "கல்லு நட்டப்பறம் பாதையைத் தொறங்க சார். அதுக்கு முன்னாடி வாணாம். மத்தபடி ஊருக்குச் சரி."

பொறியாளர் படத்தை விரித்து, நான்கு முனைகளிலும் சாய்ந்த கோடுகள் வரைந்தார். லட்சுமணன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் வந்தான். "கல்லு நடற வரைக்கும் லீவு போடு," என்றான். "நடறதுக்கு நானும் வர்றேன். அப்புறம் நீ போயிட்டு வா."

கற்கள் நடப்பட்டன. அடியில் ஒன்றுக்கொன்று ஆறு சாண் தள்ளி. மேலே, கைப்பிடி உயரத்தில், இரண்டே முக்கால் சாண் விட்டு. இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து. கீழே அகலமான பால் கேன் கீழே அகலமாக இருக்கும் இடத்தில் போகும். மேலே அகலமான ஸ்கூட்டரும் மொபெட்டும் மேலே குறுகும் இடத்தில் நின்றுவிடும். தாட்சாயிணியின் சைக்கிள் இரண்டிலும் குறுகல், அதனால் போகும்.